ஆக்லாந்தில் நின்ற மாப்பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, புஷ்பராஜ் பதினெட்டு வருடமாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். கடவுச்சீட்டு தேவையில்லை. அங்கேயுள்ள முதலாளி ஸ்ரான்லியின் ஸ்ரூடியோவில் படம் எடுத்திருந்தால் போதும். கணினியில் ஆளைச் சுற்றி வெட்டி எடுத்து, மண்டபத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பின்னால் ஒரு பெரிய நகரத்தை நிறுத்திவிடுவார். பெண் பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் பாரிஸ், கல்யாணத்துக்குத் துபாய், ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நியூயோர்க் என்று வெள்ளவத்தைச் சனம் ஆல்பத்தில் போகாத ஊர் இல்லை.

அவரோ ஜிந்துப்பிட்டியில் பிறந்து, அங்கேயே குடியிருந்து, தினமும் கோட்டையில் ரயிலேறி வெள்ளவத்தையில் இறங்குகிறவர். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் எந்த நகரத்துக் கட்டடங்கள் வானத்தில் எப்படிக் கோடு கிழிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. எது அழகு என்று அவர் பார்ப்பதில்லை. எந்த நகரம் மனிதனுக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும் என்றுதான் பார்ப்பார்.

துபாயில் கட்டடங்களில் ஒருவன் மட்டும் வளர்ந்திருக்கிறான், மற்றதெல்லாம் அவன் காலடியில் குந்தியிருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை கட்டையாக இருந்தால் துபாய் கூடாது. பாரிஸில் கொஞ்சம் கவனம் தவறினால் கோபுரம் தலையில் கொம்பாக முளைத்துவிடும். ஹொங்கொங்கில் வெளிச்சம் அதிகம், கழுத்திலிருக்கும் அட்டியல் எடுபடாது, பெண்ணின் தாய் கோபித்துக்கொள்வார். சிட்னியின் சிப்பிக் கூரை பருத்த சித்தப்பாமாருக்கு நல்லது, அகலத்துக்கு அகலம் ஈடுகொடுக்கும். சிங்கப்பூரில் மூன்று கட்டடங்களின் தலையில் கப்பல் மாதிரி ஒன்று கிடக்கிறது. அது வெள்ளத்தில் வந்து தங்கியதா என்று ஒரு தகப்பனார் உண்மையாகவே கேட்டார். லண்டன் என்றால் மட்டும் புஷ்பராஜுக்குப் பயம். எல்லாருக்கும் அங்கே ஒரு மருமகன் இருக்கிறான். பாலத்தை இடம் மாற்றி வைத்தால் ஞாயிற்றுக்கிழமையே பிழை சொல்லித் தொலைபேசி வந்துவிடும்.

கொழும்பை ஒருவரும் கேட்டதில்லை. ஒருமுறை அவரே வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தார்.

"பொஸ், நம்ம கொழும்பையும் ஒருக்கா போட்டுப் பாப்பமா? ரயில்ல இருந்து பாத்தா தாமரைக் கோபுரம், கோட்டைப் பக்கத்து இரட்டைக் கட்டடம் எல்லாம் எடுப்பாத்தான் தெரியுது."

"பஸ்ல போனா சும்மா தெரியிறதை ஆல்பத்தில வைக்கவா எங்கிட்ட வாறாங்க?" என்றார் ஸ்ரான்லி. "நீ துபாயைப் போடு, மச்சான்."

அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

போன வருடம் ஆவணியில் தனுஷியாவின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சுகிர்தன் கனடாவில் ரொறன்ரோவில் வேலை செய்கிறவர். மூன்று கிழமை லீவில் வந்து, தாலி கட்டி, சொந்தக்காரர் வீடுகளில் விருந்து சாப்பிட்டு, திரும்பிப் போய்விட்டார். ஆல்பத்தைப் பார்த்துச் செய்விக்கும் பொறுப்பைப் பெண்ணின் தாய் ஜெகதீஸ்வரி எடுத்துக்கொண்டார். அவர் ஒரு பொறுப்பை எடுத்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பது நல்லது. புஷ்பராஜின் கதிரைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"தம்பி, பின்னால பிளாஸ்டிக் கதிரை அடுக்கிக் கிடக்குது. ஏசிப் பெட்டிக்குக் கீழ வாளி வேற வச்சிருக்கிறாங்கள். ஒரு படத்திலயும் இந்த மண்டபம் தெரியக்கூடாது."

"எல்லாத்தையும் எடுத்துறலாங்க அக்கா. பின்னாடி என்ன போட?"

"இதென்ன கேள்வி? மாப்பிள்ளை இருக்கிற இடத்தைப் போடும். ரொறன்ரோ."

"பெரிய கோபுரம் உள்ள ஊருங்களா?"

"ஓம், அதுதான். ஊசி மாதிரி ஒண்டு நிக்கும். எல்லாப் படத்திலயும் ஊசி தெரிய வேணும், விளங்குதோ?"

புஷ்பராஜுக்கு விளங்கியது. ஸ்ரூடியோவின் பழைய சேமிப்பில் ஊசிக் கோபுரம் உள்ள நகரங்கள் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒல்லியான தூண், மேலே ஒரு வீக்கம், அதற்கும் மேலே கம்பி. ஒன்றில் கண்ணாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நின்றன. மற்றதில் நீலப்பச்சைத் தண்ணீர், பாய்மரப் படகுகள், தூரத்தில் ஒரு மலை. தனுஷியாவின் கூறைச்சேலை மயில்கழுத்து நிறம். அந்தத் தண்ணீரும் சேலையும் அக்கா தங்கை போலப் பொருந்தின. புஷ்பராஜ் ஊசியைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், ஊரின் பெயரைப் பார்க்கவில்லை. கடற்கரை என்பதால் பெண்ணின் கூந்தல் நுனிக்குக் கொஞ்சம் காற்றும் கொடுத்தார்.

இருபத்துநான்கு பக்க ஆல்பம். ஜெகதீஸ்வரி பார்த்துப் பார்த்துப் பூரித்தார். கணவரிடம் போவதற்குத் தனுஷியா விண்ணப்பித்தபோது, கல்யாணம் நடந்ததற்குச் சான்றாகப் படங்களும் கேட்டிருந்தார்கள். வீட்டில் அந்த ஆல்பத்தை விடப் பளபளப்பானது எது? தாய் ஒரு பக்கம் விடாமல் பிரதி எடுத்து விசாக் கோவையில் வைத்துக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

சுகிர்தன் உடனே அழைத்தார்.

"மாமி, ஆல்பம் பாத்தனான். நல்லாயிருக்கு. ஆனா இது ரொறன்ரோ இல்லை."

"என்ன கதை கதைக்கிறியள் தம்பி? ஊசி நிக்குதெல்லோ."

"ஊசி நிக்குது மாமி. பின்னால மலையும் நிக்குது. நான் இருக்கிற இடத்தில மலை ஒண்டும் இல்லை. இது ஆக்லாந்து. நியூசிலாந்து."

ஜெகதீஸ்வரி ஆல்பத்தைத் திறந்து மலையைத் தேடினார். ஒரு பக்கம் விடாமல் அது நின்றது.

அடுத்த கிழமை விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தனுஷியா நேர்முகத்துக்கு வர வேண்டும், கல்யாணத்தின் அசல் படங்களையும் கொண்டுவர வேண்டும். விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் செய்கிறவர்களைப் பிடிப்பதுதான் அங்கே வேலை. கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டாத பெண் நியூசிலாந்தில் நின்று நெற்றியில் குங்குமம் வாங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? மறுத்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் எத்தனை வருடம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

தாயும் மகளும் ஸ்ரூடியோப் படியேறி வந்தார்கள்.

"தம்பி, அசல் படங்களைத் தாரும்."

புஷ்பராஜ் ஸ்ரான்லியைப் பார்த்தார். ஸ்ரான்லி சுவரைப் பார்த்தார். ஆல்பம் கொடுத்த கையோடு அசலை அழித்துவிடுவது அந்த ஸ்ரூடியோவின் வழக்கம், இடம் போதாது. வேறு யாரும் கைத்தொலைபேசியில் படம் எடுக்க ஜெகதீஸ்வரி அன்று மண்டபத்தில் விட்டிருக்கவில்லை. தனுஷியாவின் கல்யாணம் இப்போது ஆக்லாந்தில் மட்டும்தான் இருந்தது.

"ஒண்டும் யோசிக்காதீங்க," என்றார் ஸ்ரான்லி. "மண்டபத்தைத் திரும்ப ஒட்டிருவோம். புஷ்பா, அந்த மண்டபத்துப் படம் வேற கல்யாணத்தில இருக்குமே, எடு."

புஷ்பராஜ் எடுத்து ஒட்டினார். நான்கு பேரும் திரையைப் பார்த்தார்கள். சன்னல் பூட்டிய மண்டபத்தில், ஒரு சேலை மடிப்புக்கூட அசையாத இடத்தில், தனுஷியாவின் கூந்தல் மட்டும் பறந்துகொண்டிருந்தது.

"பேய் பிடிச்ச மாதிரி இருக்கிறன்," என்றாள் தனுஷியா.

"காத்தை நிப்பாட்டும் தம்பி," என்றார் ஜெகதீஸ்வரி.

"அது முடியிலேயே சேந்திருச்சுங்க அக்கா. இனிப் பிரிக்க ஏலாது."

தனுஷியா எழுந்து நின்றாள். "காணும் அம்மா, விடுங்கோ. நடந்தது உண்மைக் கல்யாணம். அதுக்கு ஏன் கள்ளப் படம்? இருக்கிற ஆல்பத்தையே கொண்டுபோறன், உள்ளதைச் சொல்லுறன்." பிறகு புஷ்பராஜின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்களும் வாறியள்."

"நான் எதுக்கும்மா?"

"என்னை நியூசிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே. வந்து நீங்களே சொல்லுங்கோ."

புஷ்பராஜ் தலையாட்டினார். தன் கையால் வெட்டி ஒட்டிய வேலை ஒரு பெண்ணைப் புருஷனிடமிருந்து வருடக்கணக்கில் பிரித்துவிடுமோ என்ற நினைப்பில், அன்று ரயிலில் இறங்க வேண்டிய இடத்தையே தவறவிட்டார்.

நேர்முகத்தன்று ஜெகதீஸ்வரியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். சாட்சியாகப் பெயர் கொடுத்திருந்த புஷ்பராஜ் சலவை செய்த சட்டையோடு உள்ளே வரவேற்புக் கூடத்தில் இருந்தார். இருபது நிமிடத்தில் மொழிபெயர்ப்பாளர் வந்து அவரைக் கூப்பிட்டார். அறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி இருந்தார். மேசையில் ஆல்பம் திறந்து கிடந்தது. தனுஷியாவின் முகம் வெளுத்திருந்தது.

"இது எந்த ஊர்?" என்று அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"ரொறன்ரோன்னு நெனச்சுப் போட்டேங்க. ஆக்லாந்தாப் போச்சு."

"இந்த இரண்டு ஊருக்கும் போயிருக்கிறீர்களா?"

"நான் காலிக்கு அங்கிட்டு எங்கயும் போனதில்லீங்க."

"பிறகு ஏன் இந்த நகரம்?"

"சேலைக்குப் பொருந்துச்சு."

இதை மொழிபெயர்க்க அந்த மனிதருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அவர் கேட்ட அடுத்த கேள்விதான் கொன்றது. ஆளை வெட்டி ஊரை மாற்ற முடியும் என்றால், ஒரு படத்தில் பெண்ணையும் வேறொரு படத்தில் ஆணையும் வெட்டிப் பக்கத்தில் நிறுத்தவும் முடியும்தானே?

"முடியுங்க," என்றார் புஷ்பராஜ். பொய் சொல்ல வரவில்லை. "நல்லாவே முடியும்."

தனுஷியா அவரைப் பார்த்த பார்வையில், இவரை ஏன் கூட்டிவந்தோம் என்பது எழுதியிருந்தது. புஷ்பராஜ் தலையைக் குனிந்தார். குனிந்த இடத்தில் ஒன்பதாம் பக்கம் இருந்தது. மாப்பிள்ளை பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைக்கிறார், முகங்கள் பக்கத்தை நிறைத்துப் பெரிதாக. அந்தப் பக்கத்தை மட்டும் புஷ்பராஜுக்குப் பிடிக்காது. அதில் அவருடைய தோல்வி ஒன்று இருந்தது.

"அம்மா, மாப்பிள்ளையோட மூக்குக் கண்ணாடியைப் பாருங்க," என்றார் அதிகாரியிடம் மெதுவாக. "அதுக்குள்ள இருக்கிறதை மூணு தரம் அழிக்கப் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சே தவிர முடியல. யாரும் பாக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

அதிகாரி கைத்தொலைபேசியால் அந்த இடத்தைப் பெருப்பித்தார். இடது கண்ணாடியில் குங்குமத்துக்குக் காத்திருக்கும் தனுஷியாவின் முகம், குண்டூசித் தலையளவில். வலது கண்ணாடியில் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், ஏசிப் பெட்டி, அதன் கீழே வாளி. வாளிக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி, நாடியை உயர்த்து என்று மகளுக்குக் கையால் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார்.

"இது யார்?"

"அம்மா," என்றாள் தனுஷியா. "வாசலில நிக்கிறா."

அதிகாரி எழுந்து சன்னலால் எட்டிப் பார்த்தார். வெளியே ஜெகதீஸ்வரி, ஆட்டோவை எங்கே நிறுத்த வேண்டும் என்று காவலாளிக்கு அதே கையால் காட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி அப்போதுதான் சிரித்தார். பிறகு உட்கார்ந்து நெடுநேரம் எழுதினார்.

ஆறு கிழமையில் விசா வந்தது. தனுஷியா இப்போது மலையில்லாத ரொறன்ரோவில் புருஷனோடு இருக்கிறாள்.

புஷ்பராஜின் பாடுதான் திண்டாட்டம். விசாவைப் பற்றி ஜெகதீஸ்வரி வெள்ளவத்தை முழுக்கச் சொன்னார். சொன்னபோது மூக்குக் கண்ணாடி எப்படியோ விடுபட்டுப் போனது, ஆக்லாந்து மட்டும் நின்றுவிட்டது. இப்போது கல்யாண வீட்டுக்காரர் படியேறி வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்த ராசியான ஊசியைப் போடுங்கோ" என்கிறார்கள். ஊசியில் ஒன்றுமில்லை, மண்டபத்தை அப்படியே விடுங்கள், அதுதான் நல்லது என்று புஷ்பராஜ் மன்றாடிப் பார்க்கிறார். இந்த மனிதன் பஞ்சியில் வேலையைத் தட்டிக்கழிக்கிறான் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

இந்த மாதம் மட்டும் சுவிஸுக்குப் போகிற ஒரு சோடி, நோர்வேக்குப் போகிற இரண்டு சோடி, லண்டனுக்குப் போகிற ஒரு சோடி, எல்லாரும் ஆக்லாந்தில் நிற்கிறார்கள். நேற்று வந்தவர்கள் ஆக்லாந்துக்கே போகிறவர்கள். அவர்கள் துபாய் கேட்டார்கள்.