714-க்கு வழி

நடந்தது பட்டப்பகலில். நான் தூங்கவில்லை, குடித்திருக்கவும் இல்லை. என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அமெரிக்காவில், டுலூத் நகரில் எங்கள் வீட்டு நிலவறை முழுக்க என் கணவர் ஆர்விட் கட்டிய குட்டி ரயில்பாதை. டிசம்பரில் அவர் இறந்துபோனார். பிப்ரவரியில் வீட்டை விற்றுவிட்டேன். பாதையை அறுத்தெடுக்க ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள், கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க அவருடைய நண்பர்கள் கார்டியும் லெராயும் வந்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் இருந்த நாட்களைப்போல இன்னும் ஒரே ஒரு பிற்பகல்.

வழக்கம்போல நான் மேலே, சமையலறையில். எங்கள் ஆட்டத்தில் கட்டுப்பாட்டு அறை நான்தான். ரயில்களைப் பார்க்கக் கூடாது. கீழே இருப்பவர்களோடு பேசக் காதில் ஹெட்போன், எதிரே திரை. ரயில் இருக்கும் இடம் திரையில் சிவக்கும். நான் வழி கொடுக்காமல் எதுவும் நகராது.

கீழே விளக்கை அணைத்து நீல பல்புகளைப் போட்டார்கள். குட்டி ஊர்களுக்கு இரவு வந்துவிட்டது. ஆட்டக் கடிகாரத்தில் மணி 2:10.

"கார்டி, பாலோ ஸ்டேஷன்ல நில்லுங்க."

டக் டக்.

வாயால் பதில் சொல்லாமல் பேசும் பட்டனை இரண்டு முறை தட்டுவது ஆர்விட் மட்டும்தான்.

"கிண்டல் வேண்டாம் கார்டி."

"இப்பத்தாம்மா பட்டனையே தொடுறேன்."

லெராய் குறுக்கிட்டார். "யாருய்யா ஆர்விட்டோட 714 எஞ்சின ஓட்டுறது?"

"நான் இல்லப்பா."

"போன தடவ எஞ்சின் நம்பர விடுவிக்காமப் போயிருப்ப. உன்னத் தெரியாதா கிழவா."

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் செய்கிற தவறு அது. ரிமோட்டில் எண் அப்படியே தங்கிவிட்டால், மின்சாரம் வந்ததும் எஞ்சின் தானாகக் கிளம்பிவிடும். லெராய் 714-ஐ அழைத்து வேகத்தைப் பூஜ்யமாக்கினார்.

"நிக்கலியே..."

"சத்தமும் இல்ல. மத்ததெல்லாம் உறுமுது. இது சும்மா உருளுது."

திரையைப் பார்த்தேன். கார்டியின் ரயில் மட்டுமே சிவப்பு. மற்ற இடமெல்லாம் காலி.

"எங்க இருக்கு?"

"துறைமுக சிக்னல்ல. தானா நின்னுடுச்சு."

டக் டக்.

வழி கேட்கிறார்.

துறைமுகத்தோடு பாதை முடிகிறது. அங்கே போய்ச் சேர்ந்த ரயிலுக்கு அன்றைய வேலை முடிந்தது. வழி கொடுக்காவிட்டால்... அங்கேயே இருப்பார்.

நான் கொடுக்கவில்லை.

2:30.

2:50.

டக் டக்.

"டாக்னி..." கார்டியின் குரல் உடைந்திருந்தது. "அவன் ஒரு நாளும் சிக்னல மீறினதில்ல. நீ சொல்ற வரைக்கும் நிப்பாம்மா."

டக்... டக்.

களைத்ததுபோல.

3:05.

"714. துறைமுகம் வரைக்கும் வழி இருக்கு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மெதுவா போங்க."

"உள்ள போயிடுச்சும்மா," என்றார் கார்டி. கீழே லெராய் அழுவதும் கேட்டது.

மறுநாள் பாதையை அறுத்து எடுத்துப் போனார்கள். 714-ஐ மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் புது வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. ஒஹாயோவில் எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவர் ஆர்விட் பெயருக்கு அனுப்பியிருந்தார். நவம்பரில் ஆர்விட் அனுப்பியதாம்; தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். உள்ளே ஒரு மோட்டார். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் சிறிய சில்லு. இரண்டிலும் ஆர்விட் கையெழுத்தில் 714.

அலமாரியிலிருந்து எஞ்சினை எடுத்தேன். மேல்கூட்டைக் கழற்றினேன்.

உள்ளே ஒரு கம்பிகூட இல்லை.