மதுக்கரையில் கப்பல் ஒத்திகை

சிமெண்டுத் தூசியில் வெளுத்த வேப்பமரத்தடி டீக்கடையில் வேன் நிற்கிறது. பம்புசெட் வியாபாரிகளான நாங்கள் சிங்கப்பூர் போய்ப் பெரிய உல்லாசக் கப்பலில் ஏறப்போகிறோம். விமானம் திருவனந்தபுரத்தில்.

கூட்டிப்போகும் ஏஜெண்ட் செல்வராஜ் பெஞ்சின்மேல் ஏறி எச்சரிக்கிறார்: "கப்பல்ல சாப்பாடு டிக்கெட்டுலயே சேர்ந்துருச்சுங்க. ஜூஸ், பீருக்குத் தனிக் காசு. தட்டுல கொண்டாந்து நீட்டுவாங்க, வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க. இல்லீன்னா ரெண்டே நாள்ல கைச்செலவுப் பணம் காலி."

"நீட்டுனதை எப்படீங்க வேண்டாங்கறது?" என்கிறார் உடுமலைப்பேட்டை நாச்சிமுத்து. உண்மையிலேயே கவலைப்படுகிறார்.

உடனே ஒத்திகை. கடைக்காரர் சரசக்கா டீத் தட்டை நீட்டுகிறார். நாச்சிமுத்து "வேண்டாமுங்க" என்கிறார். கை தானாக டம்ளரை எடுத்துவிடுகிறது. எல்லோரும் சிரிக்கிறோம். அடுத்து என் முறை. நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சரசக்கா இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நிற்கிறேன்.

செல்வராஜ் தலையில் அடித்துக்கொள்கிறார். "அங்க வற்புறுத்தவெல்லாம் மாட்டாங்க. வேண்டாமுன்னா போயிருவாங்க!"

நாச்சிமுத்துவின் முகம் வாடுகிறது. "சோத்துக்குமுங்களா?"

"சோத்துக்கும்தானுங்க. ஒரே வாட்டிதான் கேப்பாங்க."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். சரசக்கா சுடச்சுட பஜ்ஜித் தட்டோடு செல்வராஜிடம் வருகிறார். "ஏனுங்க, இது நம்ம கடைச் செலவு. எடுத்துக்குங்க."

"ஐயோ, வேண்டாமுங்க," என்று நெளிந்தபடி செல்வராஜ் காத்திருக்கிறார்.

"சரிங்க," என்று சரசக்கா தட்டை நாச்சிமுத்துவின் பக்கம் திருப்புகிறார். நாச்சிமுத்து வாயே திறக்காமல் இரண்டு எடுத்துக்கொள்கிறார்.