என் மகள் சிரம்பான் பார்த்த ஞாயிறு

என் நாத்தனாரின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில், தோட்டத்து வேலிக் கேட்டுக்குப் பக்கத்தில் கோணிச் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்ட தகரக் கொட்டகைக்குள் பெண்கள் நாங்கள் ஒவ்வொருவராக நுழைவோம். அவர் தோளில் தொடங்கி, அக்குள், இடுப்பு, கொசுவம் என்று தட்டிக்கொண்டே வருவார். கடைசியாகக் கொண்டையை ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார். அரிசி, மாவு, மீன் டின், மருந்து எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அப்போது மலாயாவில் இருந்த அவசர காலச் சட்டம். ஆண்களைப் போலீஸ்காரர்கள் தடவிப் பார்த்தார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே! முட்டியில் அடிபட்டு, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாமல் இருந்த என் கணவரின் அக்காவைத் துரை அந்த வேலைக்கு வைத்தார். லயத்து வரிசை வீடுகளில் அவருக்குச் சோதனைக்காரி என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. நான் சொன்னேன்.

அவர் எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் கெமாஸில் ரயில் வேலையில் இருந்தான். என் பிள்ளைகள் மூவரும் பாதி நேரம் அவர் மடியில்தான் கிடப்பார்கள். எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. மூத்தவள் பெண், ஆறு வயது. அடுத்தவன் நாலு. சின்னவள் கைக்குழந்தை. சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டபோது மூத்தவள் ஓடியாடத் தொடங்கிய வயது. வேலிக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒருநாள் மளிகைக்கடைக் காலண்டரில் இருந்த குளத்துப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தக் குளத்துக்குக் கேட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நான் கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன். எப்படியாவது இவளை ஒருநாள் சிரம்பானுக்குக் கூட்டிப் போய், கேட்டே இல்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்தேன்.

சிரம்பான் ஒன்றும் தூர தேசம் இல்லை. மம்பாவ் வழியாகப் பஸ் போனால் அரை மணி நேரம்தான். ஆனால் போவதற்குத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் பாஸ் எழுதி வாங்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் திரும்பாதவன் வெளியே நிற்க வேண்டியதுதான், எவன் சுட்டாலும் கேட்க ஆளில்லை. நான் ஆசைப்பட்டது அதிகம் இல்லை. அம்மன் கோயில், ஏரிப் பூங்கா, ஸ்டேசனில் ஒரு ரயில், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிண்ணம் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங். நடுவில் புல்தரையில் உட்கார வேண்டும். யாரும் யாரையும் "சீக்கிரம் வா" என்று இழுக்கக் கூடாது. இவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் தப்பு. நல்ல மனுஷர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக் கையில் கொடுத்தால் அதில் ஒரு வாரத்தைத் திணித்துவிடுவார். சைக்கிளுக்குச் செயின் வாங்க வேண்டும், ராசா என்கிற ஊரில் கூட்டாளியைப் பார்க்க வேண்டும், குடும்பத்தோடு படம் பிடிக்க வேண்டும், அப்படியே சினிமாக் கொட்டகையில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

"நிம்மதியா போயிட்டு வர்றதுக்கு எதுக்குங்க இத்தன எடம்?" என்றேன்.

"போறது ஒரு நாளு. அதுல புல்லு மேல உக்காந்துட்டு வர்றதா? புல்லு இங்க இல்லையா?" என்றார்.

நாத்தனார் வாசலில் உட்கார்ந்து என் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏண்டா, மூணு புள்ளைய இழுத்துக்கிட்டு நீ செயின் வாங்கப் போவியா? அவளுக்குக் குளம், புள்ளைங்களுக்கு ரயிலு. ஒனக்கு வேலை, மூட்டையத் தூக்குறது. போ லா," என்று தம்பியை அடக்கினார். பிறகு என்னிடம், "பால் டின் எதையும் எடுத்துக்காத புள்ள. கைக்கொழந்தைக்கு ஓங்கிட்ட இருக்கு. மத்தவங்களுக்குக் கடையில வாங்கிக் குடு. சோறு கீறு கட்டிக்கிட்டு வந்து எங் கையில மாட்டிக்காத," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

முதல் தடவை பாஸ் வாங்கிய சனிக்கிழமை, மேட்டுப் பக்கம் எங்கேயோ துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மறுநாள் முழுக்க ஊரடங்கு. ஒருவரும் வீட்டை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. மகளுக்குத் தைத்த புதுக் கவுனை மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்தேன். இரண்டாம் தடவை பாஸ் வந்த வாரம் பையனுக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து முத்தாகக் கிளம்பி, தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தான். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டு பூட்டிக் கிடந்தது. சிரம்பான் அம்மனை நினைத்துக்கொண்டு, பிள்ளையின் கையாலேயே பானையிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ள வைத்து, மஞ்சள் துணியில் முடிந்து மோட்டு வளையில் கட்டினேன். நாலு வயதுப் பிள்ளையின் பிடி எவ்வளவு இருக்கும்? ஒரு கோழிக்குப் பத்தாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். முடிந்து வைத்த அரிசியை அப்படியே கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். கடையில் வாங்கிப் போட்டால் சாமி ஏற்காது. எங்கள் வழக்கம் அதுதான்.

மூன்றாம் பாஸ் கிடைத்தது. அந்த ஞாயிறு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கவுன் மகளுக்குச் சற்றே இறுக்கமாகியிருந்தது. வழியில் பார்த்தவர்கள், "ராணி மகாராணி ஊர்வலம் எங்க?" என்று கேலி செய்தார்கள். நான் தலை நிமிர்ந்து நடந்தேன். மஞ்சள் முடிச்சு என் இடுப்பில், உள்பாவாடை நாடாவுக்கு அடியில் இருந்தது. பயம் என்று ஒன்றும் இல்லை. சாமிக்கு முடிந்துவிட்டால் அது வீட்டு அரிசி இல்லை என்பது ஒன்று. திரைக்குள் இருப்பது என் நாத்தனார் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது நினைப்புத்தான் எனக்குப் பெரிய தைரியம்.

சில்லென்ற கை இடுப்பில் வந்து நின்றது.

"என்னடி இது?"

"தம்பிக்கு முடிஞ்சது அண்ணி. சாமிக்கு."

"அரிசியா?"

"ஒரு பிடிதான். விட்டுடுங்க அண்ணி. புள்ளைங்க வெளிய நிக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திரைக்கு வெளியே பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சு நின்றுபோயிருந்தது. பிறகு அவர் சாக்கை விலக்கி, "ஐயா, இங்க வாங்க," என்று போலீஸ்காரரைக் கூப்பிட்டார்.

பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். எங்க வீட்டுக்காரரை ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். என்னையும் பிள்ளைகளையும் வேலியோரம் உட்கார வைத்தார்கள். ஏழு மணி பஸ் முக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். கிராணி வந்து, இது கோயில் வேண்டுதல், மஞ்சள் துணியைப் பாருங்கள் என்று மலாய் மொழியில் எடுத்துச் சொல்லி, எச்சரிக்கையோடு விட வைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முடிச்சை அவிழ்த்துத் தரையில் கொட்டச் சொன்னார்கள். கோழிகள் வந்து பொறுக்கின. நாத்தனார் ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. மற்றப் பெண்களைத் தட்டித் தட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். என் மகள் அழவில்லை. "அடுத்த பஸ் எப்போம்மா?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால் தேவலை.

அதன்பிறகு நான் நாத்தனாரோடு பேசவில்லை. லயம் இரண்டாகப் பிரிந்து பேசியது. வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும் இடத்தில் அகப்பட்டிருந்தால் குடும்பத்தையே உள்ளே தள்ளியிருப்பார்கள், அந்த அம்மா செய்தது நல்லதுதான் என்றார்கள் சிலர். இருக்கட்டும். ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. திரைக்குள் இருந்தது நாங்கள் இரண்டு பேர். முடிச்சை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "போடி" என்று என்னைத் தள்ளிவிட்டிருந்தால் என்ன? பிள்ளைகள் பஸ் ஏறியிருக்குமே. அரைக்கும்போதும் துவைக்கும்போதும் இதே கேள்வி. கேட்க வேண்டியவரிடம் மட்டும் கேட்க மாட்டேன். பேச்சுத்தான் இல்லையே.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு காலை, நாத்தனார் இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். கையில் பாஸ். அதில் தன் பெயருக்குக் கீழே என் மூத்த பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் எழுதி வாங்கியிருந்தார். எனக்கு இனி ஆறு மாதத்துக்குப் பாஸ் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

"புள்ளைங்கள அனுப்பு. நான் காட்டிட்டு வரேன்," என்றார்.

மகள் என்னை முந்திக்கொண்டு கவுனைத் தேடி உள்ளே ஓடினாள். நான் வாசற்படியை அடைத்து நின்றேன். அன்றைக்குத்தான் கேட்டேன். "அன்னிக்கு வாங்கி மறைச்சிருந்தா ஒங்க கை தேஞ்சா போயிருக்கும்?"

"அம்பது பொம்பளைங்க மடிய அவுத்துப் பாக்குறவ நான். பச்சப் புள்ளக்காரி கொண்டுபோன கஞ்சிய இந்தக் கையால கொட்டியிருக்கேன். ஒம் மடிய மட்டும் எப்புடிடி மூடுவேன்? அவளுங்க வெளிய காதத் தீட்டிக்கிட்டு நின்னாளுங்க."

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "சோதனைக்காரி கூட எம் புள்ளைங்க வராது," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. என் தோளுக்குப் பின்னால், கவுனைப் பாதி மாட்டிக்கொண்டு நின்ற மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கேட்டை நோக்கி நடந்தார். கொஞ்ச நேரத்தில் பஸ் முக்குத் திரும்பியது. என் மகள் அன்று பகல் முழுக்க அந்தக் கவுனைக் கழற்றவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை அனுப்பியிருக்கலாம். பஸ் வரும்வரை நேரம் இருந்தது.

சாயங்காலம் கேட்டைப் பூட்டுவதற்கு முன் நாத்தனார் திரும்பி வந்தார். பிள்ளைகள் இரண்டும் நான் தடுப்பதற்குள் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டன. லயத்துப் பலகைச் சுவர் கூரைவரை எட்டாது, இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும். நான் அடுப்படியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"நாம பஸ்ஸுல ஏறுனமா," என்று அவர் குரல் வந்தது. "நீ ஜன்னலோரம். தம்பி எம் மடியில. வாந்தியே எடுக்கல, சமத்தா வந்தான். மொதல்ல அம்மன் கோயிலு. தம்பி அவன் கையால ஒரு பிடி அள்ளிப் போட்டான். அப்புறம் குளம். எம்மாம் பெருசுன்ற? இந்தக் கரையில நின்னா அந்தக் கரையில இருக்கற ஆளு எறும்பு மாதிரி தெரியுறான். நீ கால நனைச்ச, நான் திட்டுனேன்."

"ரயிலு அத்த?"

"ரயிலு இல்லாமயா? அது வரும்போது தரையே ஆடுது. நீ எஞ் சேலையப் புடிச்சிக்கிட்ட. தம்பி பயப்படல."

நான் அம்மிக்குழவியை நிறுத்திவிட்டேன். நானும் சிரம்பானை அதுவரை பார்த்ததில்லை.

"அம்மாவும் வந்தாங்களா அத்த?" என்று மகள் கேட்டாள்.

தேவைக்கு அதிகமான குரலில் பதில் வந்தது. "வராம? பின்னாடியே வந்தா. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே வந்தா. ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்தேன், அதையும் மொறைச்சிக்கிட்டே தின்னா."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பலகை அதிர்ந்தது. நான் மறுபடி அரைக்கத் தொடங்கினேன். மிளகாய்க் காந்தல் கண்ணில் ஏறியது.

அதன்பிறகு அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டு வாங்கினார்கள் என்பதற்கு எண்ணிக்கை இல்லை. வேலியை எடுத்த பிறகு நாங்கள் குடும்பத்தோடு சிரம்பானுக்குப் போனோம்தான். அதற்குள் பிள்ளைகள் ஐந்து பேர். எங்க வீட்டுக்காரர் நினைத்தபடியே சைக்கிள் சாமானும் கூட்டாளி வீடுமாக அந்த நாள் முடிந்தது. ஏரிப் பூங்காவைப் பஸ்ஸில் இருந்தபடி பார்த்தோம். புல்தரையில் உட்காரவே இல்லை. நாத்தனாரிடம் நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்பும் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பேச்சு எப்போது திரும்ப வந்தது என்று நினைவில்லை. உப்புக் கேட்டோ தீப்பெட்டி கேட்டோ வந்திருக்கும். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

மூத்த மகள் இப்போது செண்டாயானில் இருக்கிறாள். அவளே பாட்டியாகிவிட்டாள். பள்ளி விடுமுறை வந்தால் பேரப்பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஊருக்குக் கிளம்புவாள். அவளிடம் எந்தத் திட்டமும் இருக்காது. போகிற வழியில் பிள்ளைகள் எங்கே நிறுத்தச் சொல்கிறார்களோ அங்கே நிறுத்துவாள். போன மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சிரம்பான் ஏரிக்கரையில் பாய் விரித்து உட்கார்ந்ததும் பிள்ளைகளுக்குக் கதை சொன்னாள்.

"ஆறு வயசுல எங்க அத்தையோட இங்கதான் வந்தேன். இதே தண்ணிலதான் கால நனைச்சேன். அம்மா மட்டும் நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே வந்தாங்க," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றேன்.