மூன்றாம் பாத்தியும் ஒரு துடைப்பமும்

மேங் சுன்ரே இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவள் கழுவி வைத்த சட்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஓய்வு பெற்றதும் மலைச்சரிவில் மான்காதுப் பூக்களை எண்ணும் வேலை கிடைத்தது. பனி உருகும்போதே சருகை முட்டிக்கொண்டு வரும் விரல் உயரப் பூ அது. அது எப்படிப் பிழைக்கிறது என்று ஆராய வந்த ஜின்ஹீ எட்டுப் பாத்தி பிரித்து நூல் கட்டியிருந்தாள். தினமும் காலையில் மொட்டை எண்ணி நோட்டில் எழுதுவது சுன்ரேயின் பொறுப்பு.

மூன்றாம் பாத்தியில் சருகு அதிகம். குப்பையைக் கண்டால் சுன்ரேயின் கை சும்மா இருக்குமா? ஒருநாள் துடைப்பத்தோடு போய்ச் சுத்தமாகப் பெருக்கிவிட்டாள். அறுபத்தொரு மொட்டும் பளிச்சென்று நின்றன. பெருக்கியதையும் பெருமையாக நோட்டில் எழுதினாள். மறுநாள் குளிர் அடித்தது. பூவைப் பார்த்துப் பொறாமைப்படும் குளிர் என்று ஊரார் திட்டுவார்களே, அதுதான். மற்ற பாத்திகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் பாத்தியில் மிஞ்சியவை நான்கே.

சுன்ரே அந்தத் தாளைக் கிழித்து ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள். பயந்துவிட்டாள், பாவம்.

ஜின்ஹீயோ சருகு இல்லாததைக் கவனிக்காமல், கருகிய மொட்டுகளையே பார்த்துப் பரபரத்தாள். "பெரியம்மா, இது ஏதோ புது நோய்! அடுத்த மாசம் மாநாட்டுல இதைத்தான் பேசப்போறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் வேலை போகும், அந்தப் பெண்ணின் ஒரு வருஷ உழைப்பும் பாழ். சொல்லாவிட்டால் இல்லாத நோயை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். இரண்டு நாள் சுன்ரேக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கசங்கிய தாளை நீட்டினாள்.

"நோயும் இல்ல, மண்ணும் இல்ல. நான்தான் பெருக்கினேன்."

"எதால?"

"துடைப்பத்தால. வேற எதால பெருக்குவாங்க?"

ஜின்ஹீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு தாளை வாங்கிப் பார்த்தாள். தேதி, மணி, மொட்டுக் கணக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"அப்ப இந்தச் சருகுதான் இதுக்குப் போர்வையா? பெரியம்மா, அடுத்த வருஷம் நாலு பாத்தியப் பெருக்குங்க. நாலை அப்படியே விடுங்க."

"தெரிஞ்சே சாகடிக்க என்னால ஆகாதும்மா. படம் பிடிக்கிறவனுங்க பூ அழகாத் தெரியணும்னு வருஷா வருஷம் பெருக்கிட்டுத்தானே போறானுங்க? அவனுங்க பெருக்கின இடத்தப் போய் எண்ணு."

படித்த ஜின்ஹீக்குத் தோன்றாத வழி அது. அடுத்த வசந்தத்தில் இருவரும் சரிவு முழுக்க நடந்து, படம் பிடிக்கச் சருகு விலக்கிய முப்பத்தேழு இடங்களை எண்ணினார்கள். அங்கெல்லாம் பாதி மொட்டுகூடத் தேறவில்லை. அதற்கடுத்த வருஷம் படம் பிடிப்பவர்கள் நுழையாதபடி சரிவைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். எனக்குச் சுன்ரேயின் மேல் அப்படி ஒரு மரியாதை!

ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வந்த அன்று ஜின்ஹீ அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "பெரியம்மா, உங்களுக்கு நன்றி போட்டிருக்கேன்!"

"நன்றி இருக்கட்டும். பெருக்கினத எழுதினியா?"

"எழுதியிருக்கேன். 'தவறுதலாகச் சருகு அகற்றப்பட்டது'ன்னு."

"அகற்றப்பட்டதாம்! தானா பறந்து போச்சாக்கும். அடுத்த தடவை எழுதும்போது, சுன்ரே பெருக்கினாள்னு என் பேரைப் போட்டு எழுது."