காலியான கம்பிக் கூடும் காலை ஆறு மணியும்

எனக்கு எலிகள் மேல் கோபமே இல்லை. கம்பிக் கூட்டின் மேல்தான் கோபம்.

மாவடிப்பள்ளி வயல் வரம்புகளில் எலி, மூஞ்சூறு போன்ற சிறு பிராணிகளைப் பிடித்துக் கணக்கெடுக்க எந்தப் பொறி நல்லது என்று ஒப்பிடுவதுதான் என் பட்ட ஆய்வு. மூன்று வகை வைத்தேன்: மூடிய அலுமினியப் பெட்டி, கம்பிக் கூடு, நிலத்தோடு நிலமாகப் புதைத்த வாளி. அகப்பட்டதை நிறுத்து, அளந்து, எழுதிக்கொண்டு விட்டுவிட வேண்டும். கதிர் பால்பிடித்துவிட்டது. அறுவடை மெஷின் வருவதற்குள் முடிக்காவிட்டால் இந்தப் போகமும் போச்சு, பட்டமும் போச்சு. மேற்பார்வையாளர் ஏற்கெனவே ஒருமுறை தவணை தந்துவிட்டு, இனிக் கேட்டு வராதே என்று சொல்லியிருந்தார்.

பெட்டியில் வயலெலி வந்தது, மூஞ்சூறு வந்தது. வாளியில் தவளைதான் விழுந்தது. கம்பிக் கூட்டிலோ தினமும் ஒரே கூத்து. கதவு விழுந்திருக்கும், உள்ளே வைத்த சுட்ட கருவாடு தின்னப்பட்டிருக்கும், எலியை மட்டும் காணக் கிடைக்காது.

கல்முனையில் அந்தக் கூடுகளைச் செய்து தந்த, அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் வெல்டிங்காரரோடு இரண்டு முறை சண்டை பிடித்தேன்.

"கதவுல இடைவெளி இரிக்கி காக்கா, எலி பூந்து ஓடுது."

"இதுக்குள்ளால எறும்புதான் போகும் தங்கச்சி. உங்கட எலி என்ன, படிச்ச எலியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த கையோடு, எங்கள் வயல்களுக்குக் கம்பிக் கூடு ஒத்துவராது என்று ஓர் அத்தியாயமே எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிட்டேன்.

இருபதாம் நாள் வாப்பாவுக்கு அக்கரைப்பற்றில் ஏதோ அலுவல். விடியவே என்னை வயலில் இறக்கிவிட்டுப் போனார். பொறி வைக்க இடம் தந்த வயற்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், வரம்பில் குந்திக்கொண்டிருந்தார். கையில் என் கம்பிக் கூடு. கதவைத் தூக்கிப் பிடித்தார். கொழுத்த வயலெலி ஒன்று பாய்ந்து நெல்லுக்குள் மறைந்தது. பிறகு கதவைப் பக்குவமாக மூடி, கூட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"மாமா! என்ன வேல செய்றீங்க?"

"விடியச் சுபஹு தொழுதிட்டு வரக்குள்ள நாளும் பாக்கிறன், மகள். ஒரு உசிரு தண்ணியில்லாம அடைபட்டுக் கிடக்கு. பூனையக் கட்டிவெச்சிப் பட்டினி போட்டு நரகத்துக்குப் போன பொம்புளைட கதய குர்ஆன் ஓதப்போன இடத்துல சொல்லித் தரல்லியா?"

"நீங்க எலிக்கு மருந்து வெக்கிற ஆள்தானே!"

"ஓம், வெப்பன். அது களவுக்கு வந்து சாகுது. இது கூப்பிட்டு அடைச்சது. ரெண்டும் ஒண்டா?"

"அப்ப பெட்டிய ஏன் துறக்கல்ல?"

"அதுக்குள்ளயும் இரிக்கா? யா அல்லாஹ், தெரிஞ்சிருந்தா அதையும் துறந்திருப்பனே!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "என்ட படிப்பு நாசமாப் போச்சு மாமா. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!" என்று வயல் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க வாறது எட்டு மணிக்கு, மகள். அதுக்குள்ள வெயில் ஏறிரும். வெள்ளன வந்திருந்தா நான் ஏன் துறக்கப் போறன்?"

விடிந்தவுடன் பொறிகளைப் பார்த்துவிட வேண்டும், பிந்தினால் உள்ளே இருப்பவை செத்துப்போகும் என்பதுதான் மேற்பார்வையாளர் சொல்லித் தந்த முதல் விதி. பெட்டிக்குள் செத்துக் கிடந்த மூஞ்சூறுகளுக்கு நேரே 'காரணம் தெரியாது' என்று எழுதி வைத்திருந்தேன்.

குறிப்புப் புத்தகத்தை விரித்தேன். பத்தொன்பது நாளுக்கும் 'பார்த்த நேரம்' என்ற கட்டத்தில் என் கையால் எழுதியிருந்தது காலை ஆறு. இருபதாம் நாளுக்கும் அதையே எழுதினேன். அன்றைக்கு மட்டும்தான் அது உண்மை.