கதவுப் பாட்டைக் காப்பாற்றி வைத்தவர்

காதுக்காரருக்கு இடது காது சரியாகக் கேட்காது. அவரிடம் வருகிறவர்களுக்கு இது தெரியாது. காது டாக்டரின் கிளினிக்கில், டாக்டர் அறையைத் தாண்டிப் போனால் கழிப்பறைக்கு முந்தின கதவு அவருடையது. உள்ளே கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. வந்தவரை அதில் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பொத்தான்களை அமுக்குவார். பலர் சத்தமே வராதபோதும் கையைத் தூக்குவார்கள். ஏமாற்றுகிறவர்கள் இல்லை, காது நன்றாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். இவர்களைப் பிடிப்பதற்காக நடுநடுவே எதையும் அமுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்காததைக் கேட்டதாக மனிதர்கள் எப்படி நம்புகிறார்கள் என்று அவ்வளவு தெரிந்தவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. தன்னையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை.

இடது காது போனதற்குக் காரணம் 'ஈரத் தீப்பெட்டி' என்ற ராக் பேண்ட். பெயர் வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள். ஒரே ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள், அது பற்றிக்கொள்ளவில்லை. ரசிகர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியில் ஒரு விரலாகத் தன்னைச் சொல்லிக்கொள்வார். எந்த விரல் என்று கேட்டால் சுண்டுவிரல் என்பார். வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பகலில் ஊர் சுற்றிய வயது அது.

அவர்களுடைய கடைசிக் கச்சேரி ஒரு பாலிடெக்னிக் அரங்கில் நடந்தது. கடைசி என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது, பேண்டுக்கும் தெரியாது. இவர் போனபோது பாலிடெக்னிக் மாணவர்களால் அரங்கம் நிரம்பியிருந்தது. மேடைக்கு இடது பக்கம், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மட்டும் ஒருவரும் இல்லை. நல்ல இடத்தை இப்படி விட்டுவைத்திருக்கிறார்களே, விவரம் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய் நின்றார்.

அன்று ஆல்பத்தில் இல்லாத மூன்று புதுப் பாட்டுகளை வாசித்தார்கள். முதல் இரண்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை. மூன்றாவதைக் கேட்டவர்கள் யாரும் மறக்கவில்லை. அதில் 'கதவு' என்று ஒரு சொல் வந்தது. 'கனவு' என்று சொல்கிறவர்களும் உண்டு. பெயர் தெரியாததால் ரசிகர்கள் அதைக் கதவுப் பாட்டு என்றார்கள். அந்தப் பாட்டு வெளிவரவே இல்லை. யாரும் பதிவு செய்யவும் இல்லை. கேட்டவர்களின் தலைக்குள் மட்டும் இருந்தது.

காதுக்காரரின் தலைக்குள் அது பத்திரமாகவே இருந்தது. கச்சேரி முடிந்து இரண்டு நாளாகியும் இடது காதில் ரீங்காரம் நிற்காமல் டாக்டரிடம் போனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். அந்த அமைதி பிடித்துப்போய், இந்த வேலைக்கு என்ன படிக்கவேண்டும் என்று கேட்டார். ஆக, காதைக் கெடுத்த பாட்டே சோறும் போட்டது. இந்தக் கதையைச் சொல்லியே அவர் பெண் கேட்டார் என்று அவர் மனைவி சொல்வாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், ரசீதில் இல்லாததை நம்பமாட்டாள். இதை எப்படியோ நம்பிவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாட்டை அவள் கேட்டுவருகிறாள். துணி உலர்த்தும்போது, ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது, குளியலறையில், எங்கேயும் அதையேதான் முனகுவார். டும்... டுடும்... டும்டும் என்று போகும். வார்த்தை இருக்காது. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

"இதுல கதவு எங்க வருது?" என்று ஒருமுறை கேட்டாள்.

"மூணாவது டும்முக்கு அப்புறம்."

"யாரோ தட்டுற மாதிரித்தான் இருக்கு. தொறக்கிற மாதிரி இல்லையே."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

வருஷங்கள் ஓடின. கைப்பிடி ரசிகர்கள் ஃபோனில் ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். தினமும் கதவா கனவா என்று அடித்துக்கொள்வார்கள். காதுக்காரர் அந்தச் சண்டையில் இறங்கமாட்டார். 'பாட்டு முழுசாக என்னிடம் இருக்கிறது. நேரில் வந்தால் பாடிக்காட்டுகிறேன்' என்று எப்போதாவது ஒரு வரி எழுதுவார். யாரும் நேரில் வராததால் அவருடைய மரியாதை அந்தக் குழுவில் உயர்ந்துகொண்டே போனது.

ஒருநாள் அந்தக் குழுவில் பேண்டின் கிட்டார்காரரே வந்து எழுதினார். பாடியதும் அவர்தான். 'கதவுப் பாட்டைப் பதிவு செய்ய ஆசை. எழுதின தாள் இல்லை, எனக்கும் மறந்துவிட்டது. ஞாபகம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து பாடிக்காட்ட முடியுமா?'

காதுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாழ்க்கையில் அவர் எதையும் முதலாவதாகச் செய்ததில்லை. பள்ளியில் நடுவில், சம்பளத்தில் நடுவில், குடும்ப ஃபோட்டோக்களில் பாதி மறைந்து. அந்தப் பாட்டைப் பத்திரமாக வைத்திருப்பது ஒன்றுதான் அவர் தனியாகச் செய்த காரியம். ஞாயிற்றுக்கிழமை அதைப் பத்துப் பேர் முன்னால் எடுத்து வைக்கவேண்டும். சரியென்றால் பதிவில் அவர் காப்பாற்றிய பாட்டு இருக்கும். தப்பென்றால் இத்தனை வருஷமாக முனகியது என்ன?

வேலை நேரத்திலும் முனகிப் பயிற்சி செய்தார். கண்ணாடி அறைக்குள் ஒரு பெரியவர் பாதிச் சோதனையில் கையைத் தூக்கினார். இவர் பொத்தானை அமுக்கவே இல்லை. வழக்கமான ஆசைக்காரர் என்று நினைத்தார். அறைக்குள் பேசுகிற மைக் அணைக்காமல் இருந்தது.

"தம்பி, அந்தக் கடைசிச் சத்தம் ரொம்ப நல்லாக் கேட்டுச்சு" என்றார் பெரியவர் வெளியே வந்து. "மத்ததெல்லாம் சுமார்தான்."

நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

கிட்டார்காரரின் கடை குளியலறைச் சாமான் கடை. ஞாயிறு என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். நாற்காலிகள் போதவில்லை. வந்தவர்கள் விற்பனைக்கு வைத்த கம்மோடுகளின் மூடிமேல் உட்கார்ந்தார்கள். காதுக்காரருக்கு ஒரு பீங்கான் தொட்டியின் விளிம்பு கிடைத்தது. கிட்டார்காரருக்கு வயிறு போட்டிருந்தது, கிட்டார் அதன்மேல் சாய்ந்து நின்றது.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் அவர். "இந்தப் பாட்டு ஏன் நின்னுபோச்சுன்னா, அன்னைக்கு பேஸ் கிட்டார் தாறுமாறாப் போச்சு. எங்க பேஸ்காரனைக் கேட்டா நான் சரியாத்தான் வாசிச்சேன், ஸ்பீக்கர் கோளாறுங்கிறான். இன்னைக்கு வரைக்கும் அதேதான் சொல்றான். அந்தச் சண்டையில பாட்டைக் கிடப்புல போட்டோம். அப்புறம் பேண்டையே போட்டோம். அவனும் வருவான், டிரைவிங் கிளாஸ் முடிச்சிட்டு."

பேஸ்காரர் வருகிறார் என்றதும் காதுக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அன்று இவர் முகத்துக்கு நேரே நின்று வாசித்தவர் அவர்தான். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே காதை இழந்திருக்கிறார்.

முதலில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ரசிகன் பாடினான். கச்சேரியில் முன்னால் நின்று பலருக்கு மேடையை மறைத்தவன், தண்ணீர் சுத்திகரிக்கும் கம்பெனியில் வேலை. குரல் கரகரத்தாலும் ராகம் இருந்தது. அடுத்து குழுவில் இருந்த ஒரு கணக்கு டீச்சர் பாடினார். அதே ராகம், கொஞ்சம் நிதானம், வார்த்தைகளோடு. டைல்ஸ் சுவர்களில் பட்டு அது இரண்டு மடங்கு நன்றாக ஒலித்தது. கிட்டார்காரரின் விரல்கள் தாமாகவே அதைத் தேடிப் பிடித்தன. "இதுதான்" என்றார். கண் கலங்கியது. "கதவுதான். கனவு இல்ல."

காதுக்காரர் அதுவரை இந்த ராகத்தைக் கேட்டதே இல்லை.

"இப்ப நம்ம காதுக்காரர்" என்றான் நெட்டை. "முழுசா இருக்குன்னு சொன்னவர்."

எழுந்து நின்றார். தொட்டிக்குள் விழாமல் எழுவதே பெரும்பாடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். டும்... டுடும்... டும்டும்...

முடித்துக் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், இது பாட்டா, மோட்டாரா?" என்றான் நெட்டை. "எங்க ஆபீஸ்ல பம்பு இப்படித்தான் ஓடும். அப்புறம் ஆளைக் கூப்பிடுவோம்."

"சும்மா இருங்க" என்றார் டீச்சர். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அன்னைக்கு வேற கச்சேரிக்குப் போயிட்டீங்களோ?"

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். டீச்சர் உண்மையான அக்கறையோடு கேட்டார். காதுக்காரருக்கு ஒரு நிமிஷம் எல்லாம் ஆடியது. போகவில்லையோ? ரீங்காரம் ஜலதோஷத்தால் வந்ததோ? ஒரு ஜலதோஷத்தை நம்பித் தொழிலும் கல்யாணமும் செய்துகொண்டோமோ?

அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். சட்டைப் பையில் கூலிங்கிளாஸ், தோளில் பேஸ் கிட்டார் பை.

"வா, வா. இவர் ஒண்ணு பாடுறாரு, கேளு" என்றார் கிட்டார்காரர். "சார், இன்னொரு தரம்."

இரண்டாம் தரம் பாடும்போது காதுக்காரர் கண்ணை மூடவில்லை. அதனால் பேஸ்காரரின் முகம் மாறுவதைப் பார்த்தார். பாதியிலேயே பேஸ்காரர் கையை ஆட்டினார்.

"இது அந்தப் பாட்டே இல்ல. விடுங்க, அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

அவர் அவ்வளவு அவசரப்பட்டிருக்கவேண்டாம். கிட்டார்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"சார், நீங்க எங்க நின்னீங்க அன்னைக்கு?"

"இடது பக்கப் பெட்டிக்கு முன்னாடி. ஒட்டி."

"பேஸ் பெட்டி அது!" கிட்டார்காரர் துள்ளி எழுந்ததில் கம்மோடு மூடி படாரென்றது. "இவருக்குப் பாட்டே கேக்கல. பேஸ் மட்டுந்தான் கேட்டிருக்கு. டேய், நீ வாசிச்சதுடா இது! அப்படியே! தாளத்துல ஒரு அடி முன்னாடி நுழைஞ்சு, கடைசி வரைக்கும் வேற சுருதியில!"

"நான் அப்படி வாசிக்கல."

"ஸ்பீக்கர் கோளாறுன்னு எனக்குக் காது குத்தினே. இதோ, ஸ்பீக்கர் சொல்லுது பாரு!"

ஸ்பீக்கர் என்று தன்னைத்தான் சொல்கிறார் என்று காதுக்காரருக்குப் புரிய நேரமாயிற்று.

பேஸ்காரர் அவரைக் கண்ணாடிகள் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் அழைத்துப் போனார். பத்துக் கண்ணாடிகளில் பத்துக் காதுக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

"சார், நீங்க என் ரசிகர்தானே?"

"ஆமா சார். உங்களுக்கு மட்டும்தான்."

"அப்ப கொஞ்சம் மறந்துபோச்சுன்னு சொல்லிடுங்களேன். இத்தனை வருஷம் ஆச்சு, மாறிப்போயிருக்கலாம்னு. ஒரு வார்த்தைதானே? இவன் இனிமே என்னைத் தூங்கவே விடமாட்டான்."

நியாயமான வேண்டுகோள். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். காதுக்காரரும் பெருந்தன்மையாக நடந்துகொள்ளத்தான் வாயைத் திறந்தார்.

"இல்ல சார்" என்றது வாய். "ஒரு டும் கூட மாறல."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் தலையில் தூக்கிவைத்து ஆடியிருக்கிறார். அவரையே, தான் அன்று அங்கே இருந்ததை நிரூபிப்பதற்காகத் தொப்பென்று போட்டுவிட்டார். சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம்.

பேஸ்காரர் பையைத் திறந்தார். கிட்டாரை எடுத்து ஒரு கம்மோடின்மேல் உட்கார்ந்தார். "பாடுங்க" என்றார். காதுக்காரர் பாட, அவர் விரல்கள் பின்னாலேயே போயின. நான்காவது டும்முக்குள் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாதியில் நிறுத்திவிட்டுப் பேஸ்காரர் சிரிக்க ஆரம்பித்தார்.

"சே! எவ்வளவு மோசம்! இதையா வாசிச்சேன்?"

"இதைத்தான்" என்றார் காதுக்காரர். பெருமையை அடக்க முடியவில்லை.

"ரசிகர்னா இப்படி இருக்கணும்" என்று கிட்டார்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்படி இருக்கக் கூடாது" என்றார் பேஸ்காரர்.

பதிவு நடந்தபோது நெட்டையையும் டீச்சரையும் கோரஸ் பாடக் கூப்பிட்டார்கள். காதுக்காரரை மட்டும், மனசு கஷ்டப்படாமல், வரவேண்டாம் என்றார்கள். அவரைப் பார்த்தால் பேஸ்காரருக்குக் கை பழைய டும்டும்முக்கே போய்விடுகிறதாம். பாட்டு வெளிவந்தபோது நன்றி சொல்லும் இடத்தில் நெட்டைக்கும் டீச்சருக்கும் பின்னால் அவரும் இருந்தார். 'பாடாமல் உதவியவர்' என்று போட்டிருந்தது.

பாட்டு வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் ஃபோனை வைத்துப் போட்டுக்காட்டினார். மனைவி வலது பக்கம் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரை கேட்டாள். கதவு திறக்கிற இடத்தில் லேசாகத் தலையாட்டினாள். பேஸ் மிகவும் சரியாக இருந்தது. அதனால் காதுக்காரருக்கு அது எங்கே வருகிறது என்றே தெரியவில்லை.

"நல்லா இருக்கே" என்றாள். "உங்க பாட்டு எப்ப வரும்?"

"அது வராது."

"ஏங்க?"

"வாசிச்சவருக்கே பிடிக்கல."

"அவருக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.