இருவர் உட்கார ஒரு மூலை

என் அக்கா வீட்டுச் சமையலறையில் வெகுகாலம் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. வாங்க வசதியில்லாமல் இல்லை, இரண்டாவது நாற்காலிக்கு அங்கே வேலை இல்லை. அத்தானுக்குச் செய்தித்தாள் அச்சகத்தில் இரவு ஷிப்ட். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் காலை ஷிப்ட். விடிந்ததும் அவர் உள்ளே நுழைவார், இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே இறங்குவாள். அவள் சாப்பிட்டு எழுந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து சாப்பிடுவார். சாயங்காலம் இவள் திரும்பும் நேரத்தில் அவர் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். லீவு நாள்கூட இருவருக்கும் ஒன்றாக அமையாது. இதற்கு நடுவே ஒரு மகனைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கி வெளியூருக்கும் அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம்.

அத்தான் தங்கமான மனிதர். ஆனால் வாய் திறக்கமாட்டார். கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அவருக்கு ‘சைலன்சர்’ என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

“உங்ககிட்டதான் அப்படி. என்கிட்ட வந்தா அவருக்கு வாய் ஓயாதுடி.”

புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அடுத்தடுத்து இருவரும் ஓய்வு பெற்றார்கள். அந்தச் சமயம் பார்த்துக் குளியலறைக் குழாய் கசிந்து சமையலறைச் சுவர் முழுக்க ஊறிப்போயிற்று. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள், பழுது பார்த்துப் பார் என்று ஏன் சொல்லாமல் போனார்களோ தெரியவில்லை. கொத்தனார் வந்தார், பிளம்பர் வந்தார், வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசி. அந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் அக்கா தன் ஆசையை வெளியே எடுத்தாள். எப்போதோ ஆஸ்பத்திரியில் கிடந்த பழைய பத்திரிகையில் ஒரு படம் பார்த்தாளாம். சமையலறை மூலையில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவில் ஒரு குட்டி மேசை, பக்கத்தில் ஜன்னல்.

“இந்த மூலைய அப்படி மாத்தணும். அவர் எதிர்ல உக்காந்து, அவசரமில்லாம, பேசிக்கிட்டே ஒரு டீ குடிக்கணும். இத்தனை வருஷத்துல அது ஒண்ணுதான் எனக்கு வாய்க்கல” என்றாள். எதையும் கேட்டுப் பழகாதவள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் என்ன சொல்ல? தச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேசையின் அகலத்தைப் பார்த்துத் தச்சர் முகம் சுளித்தார். “இவ்வளவு குறுகலாப் போட்டா ரெண்டு தட்டும் முட்டிக்கும்மா.”

“முட்டட்டும். கைய நீட்டினா எட்டணும்.”

“எது எட்டணும்?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தச்சர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

உட்கார்ந்தபடியே தெரு தெரியவேண்டும் என்று ஜன்னலைக் கீழே இறக்கச் சொன்னாள். பழைய பலகை மேசையையும் அந்த ஒற்றை நாற்காலியையும் கழிவு ஏற்றும் வண்டியில் போட்டு அனுப்பினாள். பெயிண்டரைத்தான் படாதபாடு படுத்தினாள். சுவரில் மாதிரிக்கு நான்கு திட்டு அடிக்கச் சொல்லிவிட்டு, காலை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று தினமும் இழுத்தடித்தாள். அவர் என்னிடம் வந்து முறையிட்டார். “நீங்களாவது சொல்லுங்கம்மா. நாலும் ஒரே கலர்தான். எனக்கே வித்தியாசம் தெரியல.” கடைசியில் எலுமிச்சைத் தோல் வெளிறின மாதிரி ஒரு மஞ்சளில் வந்து நின்றாள். பெஞ்சு மெத்தைகளுக்குத் தானே உறை தைத்தாள். மேசைக்கு மேலே ஒரு விளக்கையும் தொங்கவிட்டாள். தாழ்வாக இருக்கிறது என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

முதல் நாள் காலை அத்தான் அந்த விளக்கில் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். நெற்றியைத் தடவிக்கொண்டே ரொட்டியையும் முட்டையையும் சாப்பிட்டார். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

“டீ நல்லா இருக்கு” என்றார்.

“அப்புறம்?” என்றாள் அக்கா.

“அப்புறம் என்ன?”

அத்தோடு சரி. மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் டீயைப் பற்றிய பேச்சும் நின்றுபோயிற்று. ஒரு வாரம் போவதற்குள் அக்கா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“என்மேல ஏதோ வருத்தம் போலிருக்குடி. முகம் பாக்கமாட்டேங்கறாரு. எதிர்லதான் இருக்காரு. ஆனா பக்கத்து ஊர்ல இருக்கற மாதிரி இருக்கு.”

எனக்கு மூக்கின்மேல் கோபம். மறுநாள் காலையிலேயே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பரீட்சை அறை தோற்றுவிடும் அமைதி. ரொட்டி கடிக்கும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அக்கா தட்டு எடுக்க எழுந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன் அத்தான், அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா? உங்களுக்காகத்தானே இந்த மூலையையே கட்டினா.”

அவர் குற்றம் செய்தவர்போல மேசையைத் தடவினார். “பேசக் கூடாதுன்னு இல்லம்மா. இங்க வந்து உக்காந்தா எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது.”

அடுத்த வாரம் அக்காவுக்குப் பல்வலி. காலையிலேயே டாக்டரைப் பார்க்கப் பழைய பையை மாட்டிக்கொண்டு, வாசலில் குனிந்து செருப்பு போட்டுக்கொண்டிருந்தாளாம். அத்தான் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து வாசல்நிலையில் சாய்ந்து நின்றாராம். அச்சகத்தில் கூட வேலை பார்த்தவர் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதைச் சொன்னாராம். மகனோடு போனில் பேசியது, தன் முழங்கால்வலி, எதிர்வீட்டு நாய் தன்னை மட்டும் பார்த்துக் குரைப்பது என்று ஒன்று விடவில்லையாம். அக்கா ஒரு காலில் செருப்போடு நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டாக்டரிடம் தாமதமாகப் போய்த் திட்டும் வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது வீங்கின கன்னத்தோடு சிரித்தாள்.

“நான் சொன்னேன்ல, வாய் ஓயாதுன்னு.”

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் எதையும் குறைசொல்லவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது, மூலையிலும் பேச்சு வந்துவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் காலையில் ரொட்டி வாங்கப் போனவள், அக்கா வீட்டுத் தெருவைக் கடந்தேன். தெருமுனையில், இன்னும் திறக்காத கடையின் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, தோளில் பை மாட்டி, வேலைக்குப் போகும் கோலம்.

“எங்கக்கா கிளம்பிட்ட?”

“எங்கயும் இல்ல.”

“பின்ன ஏன் இங்க உக்காந்திருக்க? சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. வேலைக்குப் போன காலத்துல மாதிரியே, நான் கிளம்பினாத்தான் பேசறாரு. சும்மா வாசல்ல போய் நின்னும் பாத்தேன், ம்ஹூம். பைய மாட்டணும், செருப்பப் போடணும். அதான் தினமும் கடைக்குப் போறேன், கோயிலுக்குப் போறேன்னு ஏதாவது சொல்லிட்டு வந்துடறேன்.”

எனக்குத் தலைகால் புரியாத கோபம் வந்தது. “நல்ல கூத்துக்கா இது. உள்ள அவ்வளவு அழகா ஒரு இடம் பண்ணி வச்சிட்டு, வேலையத்தவ மாதிரி கடைப்படியில உக்காந்திருக்க. வா, நானே போய்க் கேக்கறேன்.”

அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“கேட்டுட்டேன்டி. இன்னிக்குக் காலையில நானே கேட்டுட்டேன், ஏங்க, எதிர்ல உக்காந்தா மட்டும் ஏன் பேசமாட்டேங்கறீங்கன்னு. என்ன சொன்னார் தெரியுமா? ராத்திரி பூரா மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு சத்தமும் காதுல விழாது, வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்லணும், அதைச் சொல்லணும்னு உனக்காகச் சேத்து வச்சுக்கிட்டே நிப்பேன். இப்ப நீ எந்நேரமும் வீட்டுலயே இருக்க, நான் எப்ப சேக்கறதுன்னாரு.”

அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டு ஜன்னல் நேராகத் தெரிந்தது. மஞ்சள் சுவர், அதன்முன் அத்தான். எதிர்ப் பெஞ்சு காலியாக இருந்தது. அக்கா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“உள்ள போக்கா. பேசாட்டி போறாரு. பக்கத்துலயாவது இரு.”

“போணும்னுதான்டி இருக்கு” என்றாள், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆனா இப்பவே போயிட்டா, நாளைக்கு என்கிட்ட சொல்ல அவருக்கு என்ன இருக்கும்?”